செங்கோடனின் அரைப் பக்கம்

1. அமைச்சரை வெட்டிய நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே ஒரு முன்னாள் அமைச்சரை வெட்டிச் சுருக்கச் சொன்னார் பாய்.

பாய் எங்கள் பதிப்பகத்தின் முதலாளி. சேலத்தில் தலைமுறை தலைமுறையாகக் காகித வியாபாரம் செய்யும் குடும்பம். "பேப்பரை வித்து வித்து அலுத்துப் போச்சு ஸ்டெல்லாம்மா, அதுல எதையாவது அச்சடிச்சுப் பாப்போம்" என்று தொடங்கியதுதான் பதிப்பகம். மாநில வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களின் சுருக்கமான வாழ்க்கைக் குறிப்புகளை மாவட்டவாரியாகத் தொகுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சேலம், நாமக்கல் தொகுதிக்கு நான் உதவி ஆசிரியர். அதற்கு முன்பு ஒரு பத்திரிகையில் ப்ரூஃப் பார்த்தவள். அடுத்தவர் எழுத்தில் குறை கண்டுபிடித்தே பாதி ஆயுளை ஓட்டியவள்.

"பாய், அமைச்சர் வீட்டுலருந்து நாலு பக்கம் குடுத்து விட்டிருக்காங்க. இதை எப்படிக் குறைக்கிறது?" என்று கேட்டேன்.

"அமைச்சருக்கும் அரைப் பக்கம், கல்யாண வீட்டுல அண்டா கழுவுறவருக்கும் அரைப் பக்கம். யாருக்கும் ஒரு வரி கூடுதலாக் கிடையாது. வெட்டும்மா."

வெட்டினேன். பண்பின் சிகரம், ஏழைகளின் விடிவெள்ளி என்று இருந்த அடைமொழிகளை எடுத்ததுமே ஒரு பக்கம் காணாமல் போனது. அவர் ரிப்பன் வெட்டிய கட்டடங்களை எடுத்ததும் இன்னொன்று போனது. அடியில் ஒரு விஷயம் கிடந்தது. வறண்ட ஏரி ஒன்றுக்கு வாய்க்கால் கொண்டுவர, பதவி போன பிறகும் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறார் மனிதர். அதை மட்டும் வைத்து எழுதியபோது எனக்கே அவர் மேல் மரியாதை வந்தது. அவர் வீட்டார் மட்டும் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

பாய் வைத்திருந்த இன்னொரு வழக்கம்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அதை ஆபீசில் ஹவுஸ் ரீடிங் என்போம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு என்ட்ரியையும், அதாவது ஒவ்வொருவரின் அரைப் பக்கத்தையும், அந்தந்த வீட்டுக்கே போய், இருப்பவர்கள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். வீடு சரி என்றால்தான் பக்கம் லாக் ஆகும். வேண்டாம் என்றால் மறு பேச்சு இல்லாமல் எடுத்துவிட வேண்டும்.

ராசிபுரத்தில் ஒரு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போராட்டத்தில் சிறைக்குப் போன ஒருவரின் குறிப்பை வாசித்து முடித்ததும் அவருடைய மனைவி, வயதானவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, அவரு செயிலுக்குப் போனது சரி. அப்ப ஊட்ட யாரு பாத்தாங்கன்னு எழுதலியே? நெய் காய்ச்சிச் சந்தையில வித்து நாலு புள்ளைங்களுக்குச் சோறு போட்டது யாரு, போலீசா?" பாயிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சிறைவாசத்தில் ஒரு வரியைக் குறைத்து நெய்யைச் சேர்த்தார்.

2. ஆற்றில் இறங்குபவர்

பள்ளிபாளையம் செங்கோடனைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் ஒரு டீக்கடைக்காரர். நான் போனபோது செங்கோடன் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துவந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை. பேசும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

காவிரி யாரையாவது அடித்துப் போனால் அவருக்குத்தான் போன் வரும். தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். எந்தப் பாறை இடுக்கில் நீர் சுழலும், ஆளை எங்கே கொண்டுபோய் ஒதுக்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். உயிரோடு கரைசேர்த்தவர்களும் உண்டு. பெரும்பாலும் உயிர் இருக்காது. கிடைக்கும்வரை கரையேற மாட்டார். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார்.

"பயமா இருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க பயம்? உள்ள தனியாக் கெடக்கறவீங்களுக்குத்தான் பயம். அதனால எறங்கறதுக்கு முந்தி கரையில நின்னு ஒரு கொரல் குடுத்துருவனுங்க. 'சாமி, நா வாரேன். ஊட்டுக்குப் போலாம்'னு. பெருசோ சிறுசோ, எல்லாரும் சாமிதான்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். எழுந்து கும்பிட வேண்டும் என்று தோன்றியது இவர் ஒருவரிடம்தான்.

அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்து என்ட்ரியை எழுதி முடித்தேன். ஒரு வார்த்தைகூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

3. சரோஜா சொன்னது

ரீடிங்கிற்குப் போனேன். இரண்டு வரி வாசித்ததுமே செங்கோடனின் மனைவி சரோஜா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இவரு பண்றது புண்ணியந்தான், நா இல்லீங்கல. ஆனா பொண்ணு பாக்க வர்றவீங்க புண்ணியத்தப் பாக்கறதில்லீங்க. போன வருசம் எம் பொண்ணு மேகலாவுக்கு எல்லாங் கூடி வந்துச்சு. நிச்சயத்துக்கு நாள் குறிச்சப்பறம், 'பொணம் எடுக்கற ஊடாமே'ன்னு கேட்டுட்டு ஒதுங்கிட்டாங்க. இப்பத்தான் திருச்செங்கோட்டுல ஒரு எடம் வந்திருக்குது. தறி ஓட்டறாருன்னு மட்டும் போடுங்க. ஆத்த எடுத்துருங்க."

செங்கோடன் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சேலம் வந்து பாயிடம் பொரிந்து தள்ளினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

"ஆத்தை எடுத்துட்டா அது அவரே இல்லம்மா. அப்படிப் போட வேணாம். ஆனா அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு? ஒரு பொண்ணோட வாழ்க்கையைவிட நம்ம புஸ்தகம் பெருசா? என்ட்ரியவே எடுத்துடு."

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர எனக்கு மனசு வரவில்லை. லே-அவுட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தேன். டி.டி.பி. பார்க்கும் பெண் தினமும் அதைக் கேட்டு என்னிடம் திட்டு வாங்கினாள்.

பிறகு ஒரு நாள் மேகலாவே போன் செய்தாள். ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் பெண். "மேடம், ஞாயித்துக்கெழம காலையில வந்து அப்பாவோடத முழுசாப் படிச்சுக் காட்டுங்க. ஊட்டுல எல்லாரும் இருப்போம்" என்றாள். வீடு மனசு மாறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

சர்ச்சில் பூசை முடிந்ததும் ஈரோடு பஸ் பிடித்துப் பள்ளிபாளையத்தில் இறங்கினேன். செங்கோடன் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே விரித்திருந்த கோரைப்பாயில் மூன்று விருந்தாளிகள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் நல்லசிவம், அவர் மனைவி, அவர்கள் மகன். மாப்பிள்ளை வீட்டார்.

கேசரித் தட்டோடு வந்த சரோஜா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்க யாருங்க?" என்றார் நல்லசிவம்.

மேகலாதான் பதில் சொன்னாள். "எங்கப்பாவப் பத்தி ஒரு புஸ்தகத்துல எழுதறாங்க மாமா. படிச்சுக் காட்ட வந்திருக்காங்க. நீங்களும் கேட்டுட்டு அப்பறமா முடிவு பண்ணுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னை இப்படி நடுவில் இழுத்துவிட இந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம்! ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சரோஜா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு ஜாடை காட்டியிருந்தாலும் போதும், அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "படிங்க மேடம். எத்தன நாளைக்கு ஒளிச்சு வெக்கறது?"

வாசித்தேன். தறி, ஆறு, சுழல், கரைசேர்ந்தவர்கள், சேராதவர்கள். 'சாமி, நா வாரேன்' என்ற இடத்தை மெதுவாக வாசித்தேன். செங்கோடன் தலையை நிமிர்த்தவே இல்லை.

முதலில் பேசியது பையனின் அம்மா. "எல்லாத்தையும் சாமின்னாங்க கூப்புடுவீங்க?"

"ஆமாங்க. பேரு தெரியாதுங்களே."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லசிவத்தின் முகம் மட்டும் இறுகியே இருந்தது.

"நல்ல காரியந்தானுங்க. ஆனா எழவு ஊட்டுக்குப் போனாலே நாங்க குளிச்சுட்டுத்தான் வாசப்படி ஏறுவோம். இவரு வருசம் பூரா அதுலயே இருக்கறாரு. நாளைக்கு எங்க சொந்தபந்தம் நாலு விதமாப் பேசுவாங்க."

"வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க மாமா" என்றாள் மேகலா. "நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன். கல்யாணத்துக்கப்பறம் தெரிஞ்சு எங்கப்பாவ ஒரு வார்த்த சொன்னீங்கன்னாதான் என்னால தாங்க முடியாது."

"யோசிச்சுச் சொல்றோம்" என்று நல்லசிவம் எழுந்துவிட்டார். பையன் மட்டும் செருப்பை மாட்டுவதற்கு முன் செங்கோடனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். வாசலில் கார் கிளம்பியது. கேசரி அப்படியே இருந்தது. சரோஜா எங்கள் இருவரையும் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வீட்டின் நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணத்தோடுதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். தெரியாத நம்பரிலிருந்து போன். பையனின் அம்மா.

"மேடம், அந்தக் குறிப்புல கடைசியா 'ஒரு மகள்'னு முடிச்சிருந்தீங்க. உங்க புஸ்தகம் வர்றதுக்குள்ள கல்யாணம் ஆயிரும். மருமகன் பேரையும் சேத்துப் போட்டுருங்க."

"உங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாருங்களா?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருக்கறாரு. அத நா பாத்துக்கறேன்."

5. பந்தி

கல்யாணத்துக்கு பாயும் நானும் போனோம். பள்ளிபாளையத்திலேயே மண்டபம். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. செங்கோடன் பட்டுக்கரை வேட்டியில், பழக்கமில்லாத மிடுக்கோடு ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. நேராக நல்லசிவத்திடம் போனார்.

"என்னங்க சம்மந்தி?"

"ஆத்துல ஒரு பையன் போயிட்டானாமுங்க. குளிக்க வந்த பையன். அவங்கப்பன் ஆத்தா கரையில உக்காந்திருக்காங்களாம்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டிலிருந்து, அதுவும் பெண்ணைப் பெற்றவர், அந்த வேலைக்கா போவது? சரோஜா தூணைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு நல்லபடியாகக் கூடி வந்தது இந்த இடத்தில் உடைந்துவிடுமோ என்று எனக்கே பயம் வந்தது.

"பொண்ணப் பெத்தவரு பந்தியில நிக்கோணும்" என்றார் நல்லசிவம். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்லசிவம் கையமர்த்தினார். "அதுக்கு நா நின்னுக்கறேன். நீங்க வெரசாக் கெளம்புங்க."

செங்கோடன் ஓடினார். நல்லசிவம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் குரலைத் தாழ்த்தாமல் பதில் சொன்னார்: "ஆத்துக்குப் போயிருக்கறாருங்க. ஒரு பையன ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும்."

பாய் என் காதருகே, "இதைப் போட நம்ம அரைப் பக்கம் பத்தாதேம்மா" என்றார்.

மத்தியானம் சாய்ந்த பிறகுதான் செங்கோடன் வந்தார். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார், தலையில் ஈரம். பையனின் உடலை அவனைப் பெற்றவர்களிடம் சேர்த்தாகிவிட்டது. மண்டபத்துக்குள் வரத் தயங்கி, பின்பக்கம் கை கழுவும் இடத்தில் ஓரமாக நின்றார். நல்லசிவம் பார்த்துவிட்டார்.

"அங்க ஏன் நிக்கறீங்க? நானும் இன்னும் சாப்புடலீங்க. வாங்க, ஒண்ணா உக்காரலாம்."

இரண்டு இலை போட்டார்கள். சரோஜா பரிமாறினார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் ஊருக்குச் செய்த நல்லதை எழுதுவது சுலபம். அதற்காக அவர் வீடு எதைத் தாங்கியது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அத்தனை வருஷம் அதைத் தாங்கிய சரோஜா, அன்று அந்த இரண்டு இலைகளுக்கும் நடுவில் நிமிர்ந்து நின்று சோறு போட்டார்.