மேட்டுப்பாளையத்தாரின் ஊட்டிப் பயணம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. யார் எந்த ஊரிலிருந்து வந்தாரோ அதுதான் அவர் பெயர். மாடியில் தென்காசிக்காரர், பக்கத்தில் கும்பகோணத்தார், நாங்கள் மேட்டுப்பாளையத்தார். மற்ற ஊர்களுக்கு இல்லாத மவுசு எங்கள் ஊருக்கு இருந்தது. ஊட்டி மலை ஏறுவதே எங்கள் ஊரிலிருந்துதான். அப்பா அதைச் சொல்லும் தோரணையைப் பார்த்தால், மலையின் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்றுதான் தோன்றும்.

தொழிற்சாலையிலிருந்து வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து கதை சொல்வார். எந்தக் கொண்டை ஊசி வளைவில் யானை நிற்கும், எங்கே காது அடைக்கும், எங்கே பனி வந்து வண்டிக் கண்ணாடியை மூடும். நான் அதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் கை, கால் வைத்துச் சொல்வேன். அவர் சொன்னது ஒரு யானை என்றால் என் கதையில் குட்டியும் இருக்கும்.

ஒரு ஆயுத பூஜை விடுமுறைக்கு பிளாக்கே சேர்ந்து ஊட்டிக்கு வேன் பேசியது. ஏற்பாடெல்லாம் எதிர்வீட்டு மாமா; பக்கத்திலேயே இருக்கும் பாடிதான் அவர் ஊர் என்பதால் பாடி மாமா.

"அண்ணாத்தே, நீ முன்னாடி டிரைவராண்ட குந்திக்கோ. வயி காட்ட நீ கீறே, எங்களுக்கு இன்னா கவலை?"

அப்பா புது ஸ்வெட்டர் வாங்கினார். ஆவடி வெயிலில் அதைப் போட்டும் பார்த்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். அம்மாவின் கையெல்லாம் மாவு; ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள்.

"அவனா வழி காட்டறான்? அவன் மலையில காலே வெச்சதில்லையே அம்மிணி!"

தாத்தாவுக்கு ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை; சின்ன வயசில் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தாராம். ஊரெல்லாம் மலைக்குப் போகும் நாள்தான் கடைக்கு வியாபார நாள். கடையைப் பூட்டிவிட்டு யார் மலையேறுவது? யானையும் பனியும் டீ குடிக்க இறங்கிய டிரைவர்கள் சொன்ன கதைகளாம். அத்தை சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். இத்தனை பேர் முன்னால் அப்பாவின் குட்டு உடைந்தால் எங்கள் மானம் என்ன ஆவது? குவார்ட்டர்ஸ் முனைப் பிள்ளையாரிடம் ஓடிப்போய், வேன் டயர் பஞ்சராகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை மூட்டை முடிச்சோடு எல்லோரும் வேனில் ஏறிய பிறகு செய்தி வந்தது. மழையில் மண் சரிந்ததால் ஊட்டி மலைப்பாதையை மூடிவிட்டார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கேட்டது ஒரு டயர்தான். பிள்ளையார் தாராளமாகச் செய்துவிட்டார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அப்பா பிழைத்தார்.

"உடு அண்ணாத்தே, மலை எங்க ஓடிடப் போவுது? மாபலிபுரம் போய்க்கினு வரலாம்" என்றார் பாடி மாமா. கம்பளியை வைத்துவிட்டுத் துண்டு எடுத்துவர எல்லோரும் இறங்கிப் போனார்கள். அப்பா மட்டும் ஸ்வெட்டரோடு முன் சீட்டிலேயே இருந்தார்.

"கோத்தகிரி வழியா போக முடியாதுங்களா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"அதுவும் மூடிட்டாங்க சார்."

"கொஞ்சம் காத்திருந்து பார்த்தா? சாயங்காலம் தொறந்துட மாட்டாங்களா?"

டிரைவர் இல்லையென்று தலையாட்டினார். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.