நண்பர் நினைவுக் கோப்பை

எடை மேடைக்காரரை எல்லோரும் செயலாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாலிபால் சங்கத்துக்கு அவர் செயலாளர். தலைவர் வெளிநாட்டிலிருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பொருளாளரோ, பொருளே இல்லாத சங்கத்தில் தனக்கென்ன வேலை என்று நியாயமாகவே விலகிக்கொண்டார். மிச்சமிருந்த மொத்தச் சங்கமும் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரிகளைச் சுமையோடு ஒருமுறையும் வெறுமையாக ஒருமுறையும் எடை போட்டுச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்தை டோர்னமென்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர் அவர். டோர்னமென்ட் முடியத்தான் செய்தது. உடனே அடுத்ததும் வந்தது. பெண் வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வருஷத்தில் போட்டி நடக்கும் இரண்டு நாள்தான் நாலு பேர் அவரைத் தேடுவார்கள். பந்தில் காற்று இல்லை, செயலாளர் எங்கே? நடுவருக்கு டீ வரவில்லை, செயலாளர் எங்கே? மற்ற நாளெல்லாம் அவரைத் தேடுவது லாரி ஹாரன் மட்டும்.

அந்த இரண்டு நாளுக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து. மைதானம் ஒரு மில்லுக்குச் சொந்தம். வருஷம் தவறாமல் போட்டி நடந்தால் இடம் உங்களுக்கு, நின்றால் லாரி நிறுத்த எங்களுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

செலவை ஏற்பவருடைய காலமான அப்பா பெயரில் கோப்பை என்பது போட்டியின் வழக்கம். இதுவரை கொடுத்துவந்த குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாவின் நினைவு மட்டும் யார் பங்கிலும் வரவில்லை. செயலாளர் ஹார்டுவேர் கடைக்காரரிடம் போனார்.

"எங்கப்பா இன்னும் உயிரோட இருக்காரே, செயலாளரே. நான் என்ன பண்ணட்டும்?"

"நல்லா இருக்கட்டுங்க. சும்மா உங்க பேர்லயே..."

"உயிரோட இருக்கறவன் பேர்ல கோப்பையா? கடைக்கு ஆகாது. சிறப்பு விருந்தினரா வேணா வரேன்."

பேக்கரிக்காரர் பன் தருவதாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் பஞ்சு தருவதாகச் சொன்னார். பன்னையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு நடுவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது; வெளியூர் அணிக்குப் பயணப்படி, விளக்கு, பந்தல் எதுவும் நடக்காது.

பல் கட்ட ஒதுக்கி வைத்த பணம் செயலாளரிடம் இருந்தது. மேல்வரிசை முன்பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயிருந்தன. பணம் அனுப்பியது தங்கை. அவள்தான் போனில் கேட்டாள்:

"பல்லு கட்டியாச்சா அண்ணா?"

"கட்டிக்கிட்டிருக்கேன்மா."

"வாய்க்குள்ளயா, மைதானத்துலயா?"

அவர் சிரித்து மழுப்பினார். போனில் பல் தெரியாதது ஒரு வசதி.

அச்சகத்தில் அடுத்த சிக்கல் காத்திருந்தது. "கோப்பைக்கு என்ன பேரு அண்ணே?" என்றார் அச்சகக்காரர்.

தன் அப்பா பெயரைப் போட்டால் பணம் யாருடையது என்று தெரிந்துவிடும். கைக்காசைப் போடுகிறான் என்றால் இத்தனை வருஷம் எவ்வளவு அடித்திருப்பான் என்று ஆளாளுக்குக் கணக்குப் போடுவார்கள். வசூலில் கை வைத்தவனைக்கூட மன்னிப்பார்கள், சொந்தப் பணம் போட்டவனை மன்னிக்க மாட்டார்கள்.

"நண்பர்னு போடுங்க," என்றார். "நண்பர் நினைவுக் கோப்பை."

"எந்த நண்பர்?"

"பேர் வேணாம்னு சொல்லிட்டாரு."

"செத்தவரா?"

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அச்சகக்காரர் அதைத் துக்கமாக எடுத்துக்கொண்டு, சுவரொட்டிக்குக் கறுப்புக் கரை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

போட்டி நடந்தது. திறப்பு விழாவில் ஹார்டுவேர் கடைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பரைப் பத்தி என்னத்தச் சொல்ல! நம்ம கடைக்கு வந்தா நின்னுக்கிட்டேதான் பேசுவாரு. ஒரு நாள் கடன் சொன்னதில்ல."

இல்லாத மனிதரைப் பற்றிச் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை. அதோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர், நண்பர் அடித்த ஸ்மாஷ் ஒன்று மில் சுவரைத் தாண்டிப் போனதை எழுந்து நின்று சொன்னார். பேக்கரிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் மௌனமாக நின்றார்கள்.

செயலாளரும் நின்றார், பந்தல் ஓரத்தில். எதிர்பாராமல் அவருக்கும் கண் கலங்கியது. அப்படி ஒருவர் தனக்கு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

விழா முடிந்ததும் கடைக்காரர் அவர் தோளில் கை போட்டார். "அடுத்த வருஷச் செலவு முழுக்க என்னுது. ஆனா பேனர்ல நண்பர் போட்டோ வேணும். மொட்டையா நண்பர்னு போட்டா நல்லாவா இருக்கு?"

மைதானம் பிழைத்தது. அது பிழைக்க ஒரு முகம் தேவைப்பட்டது.

செயலாளர் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். எத்தனையோ வருஷத்துப் பரிசளிப்புப் படங்கள் இருந்தன. எதிலும் அவர் இல்லை, எடுத்தது அவர்தானே. அடியில் அவர் இருக்கும் ஒன்று கிடைத்தது. முதல் போட்டி. தலை நிறைய முடி, கையில் ஷீல்டு, அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிற ஒல்லிப் பையன். மற்ற முகங்களெல்லாம் ஊருக்கு அடையாளம் தெரியும் என்பதால் அதையே எடுத்துப்போய் ஹார்டுவேர் கடையில் நீட்டினார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "எங்கேயோ பார்த்த முகம்..." என்று இழுத்தார்.

மாட்டிக்கொண்டால் மைதானம் போச்சு. ஆனாலும் கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று செயலாளருக்கு ஒரு நப்பாசை.

"அட, இவரேதான்!" கடைக்காரர் மேஜையைத் தட்டினார். "பல்வரிசையப் பாருங்க. இந்தச் சிரிப்ப மறக்க முடியுமா? எத்தன தடவ பாத்திருப்பேன்!"

செயலாளர் உதட்டை மூடிக்கொண்டே தலையாட்டினார்.

"உங்களுக்கு ரொம்ப நெருக்கமோ?"

"அப்படித்தாங்க நெனச்சிருந்தேன்," என்றார் செயலாளர். "பார்த்துதான் ரொம்ப நாளாச்சு."