அகத்தாவின் பாஸ்வேர்டு

காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டதும் அகத்தா குடையை விரித்துக்கொள்வாள். குடைக்குப் பின்னால் குனிந்து ஒரே ஒரு வரி தட்டுவாள். பிறகு குடையை மடக்கி, "ம், ஆச்சு லா, இனிமே பார்க்கலாம்" என்பாள்.

சுங்கைப்பட்டாணி ரப்பர் தொழிற்சாலையில், இந்த 1987இல், புரோகிராம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ ரப்பர் பால் வந்தது என்பதெல்லாம் அவள் புரோகிராமில் ஓடுகிறது. யோசிக்கும்போது பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு வேறு பென்சில் தேடுவாள். மதியத்துக்குள் கொண்டையில் நான்கு சேர்ந்துவிடும்.

குடை வந்தது போன வருடக் கூத்துக்குப் பிறகு. அதுவரை பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். அதை அச்சடித்த பழைய தாள்களைக் கன்டீன் காளியம்மா வடை மடிக்க எடுத்துப்போவாள். ஒரு நாள் மேனேஜர் குழந்தைவேலு வடையைத் தின்றுவிட்டுத் தாளை வாசித்தார். வழுக்கைத் தலை சிவந்தது.

"பாஸ்வேர்டு 'போத்தாக்'னு மலாய்ல போட்டிருக்கே. யாரும்மா அந்த மொட்டை?"

"பொதுவா வச்சது சார்."

"இந்த ஆபிஸ்ல பொதுவா ஒரு மொட்டைதானேம்மா இருக்கு!"

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அன்றே ரகசியத்தைப் புரோகிராமிலிருந்து வெளியே எடுத்தாள். இப்போது தினமும் 'செட்' என்று தட்டிப் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரிடம் சொல்லி வைக்கிறாள்; வேண்டும்போது புரோகிராம் அதனிடம் கேட்டுக்கொள்ளும். ஸ்விட்சை அணைத்தால் கம்ப்யூட்டர் மறந்துவிடும். பண்டார் பாரு கிளைக்கும் இதே புரோகிராம்தான். அங்கே பிரிண்டர் வேறு, பாஸ்வேர்டு வேறு; அங்கிருக்கும் நவமணி அவற்றை அங்கேயே தட்டிக்கொள்கிறாள்.

"புரோகிராம யார் வேணா படிக்கட்டும், வடை மடிக்கட்டும். ரகசியம் அதுக்கே தெரியாது லா!" என்பாள் அகத்தா.

ஓர் ஓட்டை உண்டு. வெறுமனே 'செட்' என்று தட்டினால், சொல்லி வைத்த அத்தனையும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். யாரோ இதைக் குழந்தைவேலுவின் காதில் போட்டுவிட்டார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்து தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"இந்தத் தடவ யாருக்கு என்ன பேருன்னு பார்க்கலாம்னுதான்."

புதிய பாஸ்வேர்டு பழையதைவிட மோசம். மரியாதையாக எதை வைத்தாலும் அவளுக்கு மறந்துபோகிறது.

எஸ் விழுந்தது. ஈ விழுந்தது. டீயும் விழுந்தது. அவர் விரல் என்டரை நோக்கி நகர்ந்தபோது அகத்தா மேசைக்கடியில் பாய்ந்தாள். திரை இருண்டது.

பிடுங்கிய பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி எழுந்து நின்று, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, "கரண்டு போச்சு சார்" என்றாள்.