ஏறாமல் விட்ட மூன்றாவது மலை

எங்கள் வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அடித்த பலகைத் தட்டில், ஒரு சோடி வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக அதை யாரும் அணியவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை எடுத்து, பூஞ்சணம் பிடிக்காமல் வெயிலில் காயவைத்து, மறுபடி தட்டில் வைக்கிறேன். வலது சப்பாத்தின் அடியில், ரப்பர் வரிகளுக்கிடையே சிக்கிய வெள்ளைக் கல் துணுக்கு ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் குத்தி எடுக்க எனக்குக் கை வரவில்லை. யாருக்காவது கொடுத்துவிடும்படி கணவர் ஒருமுறை சொன்னார். தலையாட்டினேன், கொடுக்கவில்லை. தலையாட்டிவிட்டு நான் செய்யாமல் விட்டது அது ஒன்று மட்டுமல்ல.

அந்தச் சப்பாத்து என் கணவரின் தங்கையுடையது. யாழ்ப்பாணத்து வழக்கில் எனக்கு மச்சாள். நான் கிள்ளானிலிருந்து மணமாகி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. மாமனாரும் மாமியாரும் அப்போதே இல்லை. ரயில்வேயில் கிளாக்கராக இருந்த அண்ணன்தான் அவளுக்குத் தாயும் தகப்பனும். அவள் கோலாலம்பூரில் பிறந்து இங்கேயே படித்தவள். பெண்கள் பள்ளியொன்றில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு ஆசிரியப் பயிற்சியும் பெற்று வந்தாள். யாழ்ப்பாணத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்குத்தான் ஊர் என்று பெயர். என் மகள் பிறந்த ஆண்டில், அந்த ஊரிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

எங்கள் வீடுகளில் பெண்ணின் சம்மதத்தை ஆண்கள் நேரே கேட்பதில்லை. தாய் கேட்டுச் சொல்வாள். தாயில்லாத வீட்டில் அண்ணி கேட்டுச் சொல்ல வேண்டும். அண்ணி சொன்ன ஒரு சொல் கடிதத்தில் ஏறி, கப்பலில் போனதும், அங்கே நாள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்ததை நினைத்து அன்று எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. இன்று நினைத்தால் கூசுகிறது.

மலைக்குப் போகும் யோசனை அவளுடையது. உலு கிள்ளானுக்கு அப்பால், காட்டுக்கு நடுவே, வெள்ளைக் கல்லாலான மலைத்தொடர் ஒன்று முதுகெலும்புபோல நீண்டு கிடக்கிறது. அதில் அடுத்தடுத்து மூன்று சிகரங்கள். பள்ளி ஆசிரியைகளோடு போய் முதலாவதில் அவள் ஏறியிருக்கிறாள். மூன்றாவதில் நின்றால், வானம் தெளிந்த நாளில், கிள்ளான் பக்கத்துக் கடல் ஒரு கோடாகத் தெரியும் என்று தலைமை ஆசிரியை சொன்னாராம். தன்னைக் கொண்டுபோகப்போகும் கடலை முதலில் தரையில் நின்று பார்த்துவிட வேண்டும் என்றாள். கணவர் வேலையாக ஈப்போவுக்குப் போயிருந்தார். ஆசிரியைகள் இருவர் கூட வருவதாகச் சொல்லித்தான் அவரிடம் உத்தரவு வாங்கியிருந்தேன். முதல்நாள் மாலை அந்த இருவரும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சீனர் கடையில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவில் வாங்கிய சப்பாத்துகள் வாசலில் தயாராக இருந்தன. ஏழு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டேன். காய்ச்சி ஆறவைத்த பசும்பாலையும் கொடுத்து, நான்கு மணிக்குள் வந்துவிடுவேன் என்று மூன்று தடவை சொன்னேன்.

வாடகைக் கார் ஓட்டிவந்த தமிழருக்கு எங்களைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ரப்பர்த் தோட்டம் முடியும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டு, "முருகன் அந்தப் பக்கம் பத்துமலையில இல்ல இருக்காரு? இங்க மேல யாருமே இல்லையேம்மா," என்றார்.

"அதுதான் அண்ணே போறம். ஆரும் இல்லாத இடம் ஒண்டு வேணும்," என்றாள் மச்சாள்.

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினோம். காடு முடிந்ததும் கல். வெயில் பட்டுக் கண் கூசும் வெள்ளை. சில இடங்களில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பிள்ளைகள்போல நகர வேண்டியிருந்தது. இருபுறமும் பார்த்தால் மரங்களின் தலை மட்டும்தான் தெரிந்தது. அவள் முன்னே போய், எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று காலால் தட்டிப் பார்த்துச் சொல்லுவாள். முதல் சிகரத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். கீழே, ஈயம் தோண்டிவிட்ட குட்டைகள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னின. நம் வீடு எங்கே, என் பள்ளிக்கூடம் எங்கே என்று அவள் விரலால் தேடினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பயிற்சி முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது, முடிந்தால் மேல்வகுப்புகளைத் தருவார்கள் என்றாள். வாசிக்கத் திணறிய ஒரு சிறுமி போன வாரம் ஒரு பக்கம் முழுவதும் வாசித்துவிட்டாள் என்றாள். கலியாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான்தான்.

இரண்டாவது சிகரத்தில் ஏறி நிற்கும்போது எனக்குப் பால் கட்டிவிட்டது. நெஞ்சு கல்லாகி, வலி கக்கம்வரை இழுத்தது. பிறகு தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்தது. அந்த நேரத்தில் குழந்தை அழுகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததா, பயந்தேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எதிரே, ஒரு பள்ளம் தாண்டி, மூன்றாவது சிகரம் நின்றது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். திரும்பிவிடுவோம் என்றேன். அவள் அந்தச் சிகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கல்லில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு அங்கை போக விருப்பமில்லை அண்ணி. அந்த மனிசனிலை ஒரு குறையுமில்லை. இன்னும் ஒரு வருசம் மட்டும் எண்டு அண்ணாட்டைச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அவர் கேப்பார்."

"சொல்லுறன். இப்ப இறங்குவம், பிள்ளை அழும். கட்டாயம் சொல்லுறன்," என்றேன்.

உடனே எழுந்துவிட்டாள். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவது மலையை விட்டுக்கொடுத்து என் வாக்கை அவள் வாங்கிக்கொண்டாள் என்பது இறங்கும்போது எனக்குப் புரியவில்லை. வழியெல்லாம் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பாட்டுக்கூடப் பாடினாள்.

வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல். பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை என் கையில் தந்தார். நான்கு நாள் காய்ச்சல் விடவில்லை. காய்ச்சல் தொடங்கிய மறுநாள் ஈப்போவிலிருந்து வந்த கணவர் சத்தம் போடவில்லை. "துணைக்கு ஆளில்லாமல், பால் குடுக்கிற மனிசி மலை ஏறப் போறதோ?" என்று மட்டும் கேட்டார். நான் தொட்டிலை விட்டு நகரவில்லை. மலையேறும் ஆசை எனக்கும் இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வாட்டியது.

ஐந்தாம் நாள் காலை, கந்தோருக்குப் புறப்படும்போது, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கணவர் கேட்டார்: "தங்கச்சியைக் கேட்டனீரோ? அவவுக்குச் சம்மதம்தானே?"

"ஓம்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்றால், எப்போது சொன்னாள், எங்கே சொன்னாள் என்று கேட்பார். மறுபடியும் அந்த மலைப் பேச்சு வரும். கெட்ட தாய் என்று பெயர் எடுத்த வாரத்தில் கெட்ட மனைவியாகவும் நிற்க எனக்குத் துணிவில்லை. மாலை வந்ததும் மெதுவாக எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் மதியமே கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டார். சேர்த்தால் என்ன, இன்னொரு கடிதம் எழுதலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மச்சாள் என்னைத் தனியே பிடித்து, அண்ணாவிடம் கேட்டீர்களா என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"கேட்டனான். அவர் கேக்கிறாரில்லை," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. கலியாணப் பெண் வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கலியாணத்துக்காக அவள் கப்பல் ஏறிய நாளில், துறைமுகத்தில் அவர் அழுதார். அவள் அழவில்லை. சப்பாத்தை முதல்நாளே என்னிடம் தந்திருந்தாள். "அங்கை எல்லாம் தட்டை நிலமாம் அண்ணி. ஏற ஒண்டுமில்லையாம். பிள்ளை வளந்தாப்பிறகு நீங்கள் மூண்டாவதிலையும் ஏறி, கடல் தெரியுதோ எண்டு எழுதுங்கோ."

கடிதங்கள் என் பெயருக்குத்தான் வருகின்றன. அண்ணனுக்கு ஒரு வரியும் இருக்காது. வேலிக்கு வெளியே அதிகம் போவதில்லை, பாடம் சொல்லிக் கொடுக்கப் பிள்ளைகள் இல்லை, வாசிக்கப் பழைய பத்திரிகை இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதுவாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு கடிதங்கள் குறைந்தன. கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதமாகிறது. அதில் ஒரு வரி: "நீங்கள் ஒருத்தராவது எனக்காகக் கேட்டீர்கள். அதை நினைத்துத்தான் நான் நாளைக் கடத்துகிறேன்." கணவர் கையில் அது படக்கூடாது என்று மடித்து, இடது சப்பாத்துக்குள் வைத்தேன். அதைக் கிழித்துப்போடவும் என்னால் முடியவில்லை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கேட்டார்: "தங்கச்சிக்கு என்னிலை என்ன கோவம்? நான் என்ன செய்தனான்?"

"பிள்ளைகளோடை நேரமிருக்காது," என்றேன். அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். உண்மையைச் சொன்னால் அண்ணனுக்குத் தங்கை திரும்பக் கிடைக்கக்கூடும். அங்கே அவளுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் போய்விடும். இதை அவளுக்காக யோசிக்கிறேனா, எனக்காக யோசிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலை சப்பாத்தை வெயிலில் வைக்க எடுத்தேன். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள், சின்னவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். இது எனக்கு மூன்றாவது பேறு, ஏழாம் மாதம். அன்று எங்கள் இருவருக்கும் ஒரே அளவுதானே என்ற நினைவில் படியில் உட்கார்ந்து இடது காலை நுழைத்துப் பார்த்தேன். கால் வீங்கியிருக்கிறது, பாதிக்கு மேல் போகவில்லை. விரல் நுனியில் கடிதம் கசங்கும் சத்தம் கேட்டது. காலை வெளியே எடுத்தேன். காகிதத்தை நீவி மறுபடி உள்ளே வைத்து, சப்பாத்தைத் தட்டில் ஏற்றினேன்.