கறுத்த மாடுகளும் ஓர் உச்சுக்கொட்டலும்

பலெர்மோவுக்கு வந்து பாதி ஆயுள் கழிந்தபிறகுதான் எனக்கு ஒரு கதிரை வேலை கிடைத்தது. அதற்கு முன்பு செய்ததெல்லாம் நின்றும் குனிந்தும் செய்கிற வேலை. சிஞ்ஞோராக்கள் என்கிற இத்தாலிய வீட்டம்மாக்களின் வீடுகளில் தரை துடைத்துத் துடைத்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனிப் படி ஏறக்கூடாது என்று டாக்குத்தர் சொன்ன பிறகு, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில், போன் எடுத்துக் கேள்வி கேட்கிற வேலைக்கு மகள் என்னைப் பதிந்துவிட்டாள். அந்தக் கந்தோர் மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். என் ராசி அப்படி.

வேலை இதுதான். சிசிலியின் மலைப்பக்கங்களில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களுக்குப் போன் எடுத்து, அவர்களுடைய மந்தையின் சுகத்தையும் வளர்க்கிற முறையையும் விசாரிக்க வேண்டும். இவை பால் கறக்கிற பண்ணைகள் இல்லை. பசு மலையில் மேயும், கன்று ஈனும், கன்று தாயிடமே குடித்து வளரும். பால் மறந்ததும் கன்றை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்க் கொழுக்க வைப்பார்கள். எத்தனை கன்று உயிரோடு பிறந்தது, எத்தனை செத்தது, பிறந்த உடனே கடும்புப்பால் குடித்ததா, என்ன ஊசி போட்டீர்கள், பூச்சிமருந்து யார் கொடுப்பது, மிருக வைத்தியர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கும். மாட்டிறைச்சி எங்கள் வீட்டு வாசற்படி தாண்டினதில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டதும் என் கணவர் சிரித்தார். அவர் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமைக்க நிற்கிறவர்.

"நீ தின்னாத மாட்டுக்குச் சுகம் விசாரிக்கிறாய். நான் ஒருநாளும் இருந்து சாப்பிடாத மேசைக்குச் சாப்பாடு போடுறன். நல்ல பொருத்தம்தான்."

முதல் நாளே சறுக்கினேன். இங்கே வேலைசெய்கிற எங்கள் தமிழ் ஆட்களுக்குக் கப்போ என்றால் மேலாளர், வேலைக்குப் பொறுப்பானவர். அதன் பன்மை கப்பி. திரையில் வந்த முதல் கேள்வி, "உங்களிடம் எத்தனை கப்பி இருக்கிறார்கள்?" என்றுதான் எனக்குப் பட்டது. நானும் வாசித்தேன். அந்தப் பக்கத்து மனிதர் கொஞ்சமும் யோசிக்காமல் நாற்பது என்றார். ஒரு கப்போவைச் சமாளிக்கவே எங்களுக்குச் சீவன் போகிறது, இந்தப் பாவி நாற்பது பேரை எப்படிச் சமாளிக்கிறான் என்று மனம் இளகிவிட்டது. அனுதாபத்தோடு ஏதோ சொல்லியும்விட்டேன். எங்கள் கப்போ தாடி வைத்த ஒரு பெடியன், மரியாதை தெரிந்தவன். அவன் பக்கத்தில் வந்து, மாடுகளையும் அந்தச் சொல்லால்தான் எண்ணுவார்கள், தலைக்கணக்கு, என்று விளக்கினான். அவன் போன பிறகு நான் மேசைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன். அந்த வேலையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

சட்டங்கள் எளிமையானவை. எழுதியிருக்கிறபடி வாசிக்க வேண்டும். புத்தி சொல்லக்கூடாது. மற்றப் பண்ணைக்காரர் சொன்னதை இவரிடம் சொல்லக்கூடாது. பதில் நல்லது கெட்டது என்று குரலில் காட்டக்கூடாது. எல்லாம் பதிவாகும். குனிந்து செய்த வேலையில் முழங்கால் அலுத்தது, இதில் முகமே அலுத்துப்போனது. யாரும் பார்க்காத முகத்தை ஏன் இவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சிலர் ஏசிவிட்டு வைப்பார்கள். சிலர் பாதியில் நாயைக் கூப்பிடப் போய்த் திரும்பி வரவே மாட்டார்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டு இழுக்கும். செத்த கன்றுகளின் தொகையைக் கேட்டு, இலக்கத்தை அடித்து, அடுத்த கேள்விக்குப் போவேன். பின்னேரம் போர்கோ வெக்கியோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது சந்தையில் தக்காளி விலை கேட்கக்கூட வாய் வராது.

அந்த அம்மா எனக்கு வாய்த்தது இலையுதிர் காலத்தில். பலெர்மோவுக்குப் பின்னால் இருக்கிற மலைகளில் எங்கோ தனியாக இருக்கிறவர். முந்தின குளிருக்குள் கணவர் செத்துப்போனார். கறுத்த மாடுகள் ஒரு மந்தை அவர் தலையில் விழுந்தது. மகன் வடக்கே டொரினோவில் வேலை. ஒரு கேள்வி கேட்டால் ஒரு கதை சொன்னார். எத்தனை கன்று செத்தது என்று கேட்டேன். எது எந்தக் கிடங்கடியில் விழுந்து கிடந்தது, எதற்கு வயிற்றாலே போனது, எந்தப் பசு கன்றில்லாமல் எத்தனை இரவு கத்தினது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பேசியது தடித்த சிசிலியப் பேச்சு. எனக்கு அது எங்கள் ஆட்கள் கதைக்கிற மாதிரித்தான் காதில் விழுந்தது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

கேள்விகள் முடியப்போகிற நேரம் அவர் கேட்டார்.

"பிள்ளை, நீ எல்லா மாட்டுக்காரரோடையும் கதைக்கிறாய் என்ன?"

"ஓம் சிஞ்ஞோரா. கன பேரோடை."

"வாற சனிக்கிழமை யாவாரி வாறான். முழுக்க ஏத்திக்கொண்டு போறதெண்டு நிக்கிறான். மகனும் குடு குடு எண்டு அரிக்கிறான். வைத்தியரைக் கேட்டால் உங்கடை விருப்பம் எண்டுறார். சுவாமியாரைக் கேட்டால் ஆண்டவரைக் கேள் எண்டுறார். நான் ஆரைக் கேக்க? நீ சொல்லு. மாடுகளைக் குடுக்கட்டோ?"

என்னால் என்ன சொல்ல முடியும்? புத்தி சொல்லக்கூடாது. சொன்னாலும், மாட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அந்தக் குரலில் இருந்த அலுப்பு மட்டும் எனக்கு நல்லாய்த் தெரிந்தது, அது என் அலுப்புத்தான். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நாக்கு என்னைக் கேட்காமல் ஒருதரம் உச்சுக் கொட்டிவிட்டது. செத்தவீட்டிலும் ஆசுப்பத்திரியிலும் நாங்கள் கொட்டுகிற அதே 'ச்'தான். ஐயோ பாவம் என்பதற்கு அதைவிடச் சின்ன சொல் எங்களிடம் இல்லை.



"ப்ராவா, கெட்டிக்காரி," என்றார். "எனக்கும் அப்பிடித்தான் மனம் சொன்னது."

நன்றி சொல்லி வைத்துவிட்டார். பாவம் என்று நினைத்ததற்கு இவ்வளவு நன்றியா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டு மகளிடம் இதைச் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள், காது முழுக்கச் சிசிலி. கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மம்மா, அது நோ. நீங்கள் அவவுக்கு நோ சொல்லிப்போட்டியள்."

இந்த ஊரில் நாடியை மேலே தூக்கி நாக்கால் 'ச்' என்று ஒரு தட்டுத் தட்டினால் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாததா? கீழே மீன்காரனிடம் நெத்தலி இருக்கா என்று கேட்டால் அப்படித்தான் பதில் சொல்வான், நானும் அடுத்த கடைக்குப் போவேன். ஆனால் எனக்கு அது நாடியோடு சேர்ந்துதான் தெரியும். போனில் நாடி எங்கே தெரிகிறது? ஏதாவது ஒன்றைச் செய்வதா விடுவதா என்று யோசிக்கிற நேரம் சுவரில் பல்லி சொன்னால் நாங்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வோம். அந்த அம்மாவுக்கு நான் பல்லியாகிவிட்டேன்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நாக்குப் பிசகினதை நம்பி ஒரு கிழவி யாவாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொரு குளிர்காலம் தனியாக மலையில் அந்த மாடுகளோடு மாரடிக்கப் போகிறாள். அடுத்த கன்றுகளும் செத்தால் அந்தப் பாவம் யாருக்கு? கணவர் வேலையால் வந்து சட்டை கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "விடப்பா. அவவுக்குப் பிடிச்ச பதிலைத்தானே அவ கேட்டிருக்கிறா," என்றார். அந்த மனிதர் அலுப்பில் சொல்லுவதெல்லாம் சரியாக இருக்கும். நான்தான் கேட்க மாட்டேன்.

அடுத்த நாள் கப்போவிடம் போய்ச் சொன்னேன். பதிவைப் போட்டுக் கேட்டான். காதில் இருந்ததைக் கழற்றினான்.

"சிஞ்ஞோரா, இது சுத்தமான நோ."

"இல்லை, அது பரிதாபம்."

"பரிதாபப்படவும் எங்களுக்கு அனுமதி இல்லையே," என்றான். திட்டவில்லை. குளிர் முடிய இரண்டாம் சுற்று இருக்கிறது, அதுவரைக்கும் அந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம், எடுத்தால் இன்னும் குழம்பும் என்றான்.

அவன் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கோப்பி குடிக்கக் கீழே இறங்கின நேரம் எடுத்தேன். அந்த அம்மாவின் குரல் முந்தினதைவிடப் பத்து வயது குறைந்து கேட்டது.

"பிள்ளை, நீயோ! யாவாரியை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். குளிருக்கு வைக்கோலுக்கும் சொல்லியாச்சு. மகனுக்குச் சொன்னன், பலெர்மோவிலை எல்லா மாட்டுக்காரரோடையும் கதைக்கிற சிஞ்ஞோரா ஒராள் வேண்டாமெண்டவா எண்டு. மூடின வாய் துறக்கேல்லை அவன்!"

அந்த இடத்தில், சுகமா சிஞ்ஞோரா என்று கேட்டுவிட்டு நான் போனை வைத்திருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதினேன். அது இல்லை என்பதற்கான சத்தம் இல்லை, எங்கள் ஆட்கள் துக்கப்பட்டால் நாக்கால் அப்படிச் செய்வோம், நான் குடுக்கச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை என்று, கூடுமான நல்ல இத்தாலியனில், பணிவாக எல்லாவற்றையும் விளக்கினேன். என்னிடம் இருந்த நேர்மை முழுவதையும் அவர் மடியில் கொட்டிவிட்டேன். அவருக்குப் பின்னால் ஒரு மாட்டின் கழுத்துமணிச் சத்தம் கேட்டது.

"அப்ப நீ ஒண்டுமே சொல்லேல்லை," என்றார்.

"இல்லை சிஞ்ஞோரா. பாவமெண்டு நினைச்சன், அவ்வளவுதான்."

"பாவமெண்டு எல்லாரும்தான் நினைக்கினம்."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சட்டம், பதிவு, கப்போ ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

"குடுக்காதேங்கோ," என்றேன். "இப்ப உண்மையாத்தான் சொல்லுறன். நோ. குடுக்காதேங்கோ."

"இப்ப நீ என்ரை மனம் நோகக்கூடாதெண்டு சொல்லுறாய் பிள்ளை. அண்டைக்கு உன்ரை வாயிலையிருந்து தானாய் வந்ததெண்டு நினைச்சுத்தான் நான் நம்பினன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். போன் எடுத்ததற்கு நன்றி என்றும் சொன்னார். எனக்கு அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குளிர்காலம் எங்களுக்கு எப்போதும் போலப் போனது. இங்கே இருக்கிறதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்க ஒரு நாள் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்றேன், முழங்கால் வீங்கினது. மழை பெய்தால் வீட்டுக் கூரை மூலையில் ஈரம் கசியும், வாளி வைத்தோம். கந்தோரில் நான் ஒரு வேலை பழகிக்கொண்டேன். யாராவது துக்கம் சொல்லத் தொடங்கினால் நாக்கைப் பல்லுக்குள் கடித்துப் பிடித்துக்கொள்வது. அதிலும் அலுப்பு உண்டு. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் அந்த இலக்கம் என் திரைக்கே வந்தது. வேறு யாருக்காவது மாற்றிவிடலாமா என்று கப்போவைப் பார்த்தேன். அவன் வேறு போனில் இருந்தான். எடுத்தேன். அவர் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். எழுதியிருக்கிறபடி முதல் கேள்வியை வாசித்தேன். இப்போது பண்ணையில் எத்தனை மாடுகள்?

"ஒண்டுமில்லை. யாவாரிக்கே குடுத்தாச்சு."

பூச்சியத்தை அடித்தேன். கன்று, கடும்புப்பால், ஊசி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் திரை ஒரே பாய்ச்சலில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய் நின்றது. பங்குபற்றியதற்கு நன்றி என்று மட்டும் அங்கே இருந்தது. அதையும் வாசித்தேன்.

"மற்றக் கேள்வியள்?" என்றார்.

"மாடு இல்லாட்டிக் கேள்வியும் இல்லை சிஞ்ஞோரா."

அவர் வைக்கவில்லை. என்னாலும் வைக்க முடியவில்லை.

"விடியமுந்தி இப்பவும் எழும்பிப்போடுறன் பிள்ளை. எழும்பினால் வெளியிலை போக ஒரு காரணமும் இல்லை. காலிலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினிக்குள்ளை இருக்கிறன்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உன்னிலை எனக்குக் கோவம் இல்லை," என்றார். "ஆனால் அண்டைக்கு நீ திரும்ப எடுக்காமல் விட்டிருக்கலாம்."

"ஓம் சிஞ்ஞோரா," என்றேன். "விட்டிருக்கலாம்."