பச்சையில் ஒளிர்ந்த பெயர்

சூலூரில் விசைத்தறிகள் தடதடக்கக் கேட்டால், நான் நடத்திய ஆங்கில வகுப்பில் இருந்த ஒருத்தி நினைவில் வந்து நிற்கிறாள். போனிலிருக்கும் நோட்ஸ் ஆப்பில் மாணவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில்தான் எழுதுவார்கள். யார் திறந்தாலும் அவர் பெயர் மேலே பச்சையாக ஒளிரும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அவள் படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்குப் போனாள். ஆனாலும் வகுப்பு நேரத்தில் அவள் பெயர் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

டிசி வாங்க அம்மாவோடு வந்தாள். படிப்பை நிறுத்தியவர்களை ஆப்பிலிருந்து நீக்கச் சொல்லி நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

“தறியோட்டறவளுக்கு இங்கிலீசு எதுக்கு கண்ணு, நூல் அறுந்தாத் திட்டறதுக்கா?” என்றார் அம்மா.

அவள் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பிச் சொன்னாள்:

“மிஸ், என்ர பேரை எடுத்துப்போடாதீங்க. நான் ஒண்ணும் எழுதமாட்டனுங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருக்கறனுங்க.”