ரேணுகாம்பாளின் இங்கிலீஷ்

1977-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், மெட்ராசில் மவுண்ட் ரோட்டு ஓட்டல் ஒன்றின் மாடி வராந்தாவில் முப்பது நர்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குவைத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்க அந்த நாட்டிலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். நர்சுகளில் முக்கால்வாசிப் பேர் மலையாளப் பெண்கள். தங்களுக்குள்ளேயே இங்கிலீஷில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகாம்பாள் அதைக் கேட்டபடியே தன் பதில்களை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "நேத்து ரூம்ல சொன்னத அப்டியே சொல்லு, போதும்."

இருவரும் திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சுகள். திருவூடல் தெருவில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். சரோஜா போளூர் வாத்தியார் வீட்டுப் பெண், கான்வென்டில் படித்தவள். ரேணுகாம்பாள் படவேட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மணிலாக் கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவதுவரை தமிழில் படித்து, வேலூரில் நர்சிங் முடித்தவள். மருந்துப் பெயர், வியாதிப் பெயர், கருவியின் பெயர் எல்லாம் அவளுக்கு இங்கிலீஷில் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பெயர்களுக்கு நடுவே போடவேண்டிய சின்னச் சின்னச் சொற்கள்தான் வாயில் நிற்கவில்லை.

வெளிநாட்டு ஆசையை முதலில் மூட்டியது சரோஜா. "போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம்" என்று சொல்லியிருந்தாள். அதற்காக வாரத்தில் ஒரு நாள் அறைக்குள் தமிழே பேசக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் ரேணுகாம்பாள் அநேகமாக மௌன விரதம்தான் இருந்தாள். உப்பு வேண்டுமென்றால்கூட டப்பாவைச் சுட்டிக் காட்டுவாள்.

ஓட்டலில் அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அரபு டாக்டரும் இரண்டு பேரும் இருந்தார்கள். டாக்டர் கேட்டது சுலபமான கேள்விதான்: நோயாளி மாத்திரை வேண்டாமென்று அடம்பிடித்தால் என்ன செய்வாய்? தினமும் வார்டில் அவள் செய்கிற வேலை அது. பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் பேர் விசாரித்து, பேத்திக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டு, பேச்சோடு பேச்சாக மாத்திரையை வாயில் போட்டுவிடுவாள். எல்லாம் அவள் கண்முன்னே வந்தது. "சார்... பேஷண்ட்..." என்றாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தாள். கடைசியில் "ஐ கிவ்" என்று மட்டும் வந்தது. டாக்டர் காத்திருந்தார். பிறகு அன்பாகவே தலையசைத்துக் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

சரோஜாவின் பெயர் பட்டியலில் இருந்தது.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டும்வரை சரோஜா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ரேணுகாம்பாள்தான் பேச்சை எடுத்தாள்.

"எதுக்குடி மூஞ்ச தூக்கி வச்சுக்கினு வர? பாஸ் பண்ணவ சிரிக்கணும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

சரோஜா சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "அடுத்த தடவ நீயும் வந்துடுவ ரேணு. நான் முன்னாடி போய் எடம் புடிச்சு வெக்கிறேன், அவ்ளோதான்."

சினிமாக் கொட்டகையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அவள் அதைச் சொன்னாள்.

அடுத்த பிப்ரவரியில் சரோஜா போய்ச் சேர்ந்தாள். நீல நிற ஏரோகிராம் கடிதங்கள் மாதம் ஒன்று வந்தன. வார்டு முழுக்க ஏசி, சப்பாத்தி மாதிரி ஒரு ரொட்டி, கடலைப் பார்த்த ஜன்னல். 'என் ரூமில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. யார் கேட்டாலும் என் சிநேகிதி வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். ரேணுகாம்பாள் அந்த வரியை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கே இல்லை. ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தில், கோட்டயத்துப் பெண் ஒருத்தியை அந்தக் கட்டிலில் போட்டுவிட்டார்கள் என்று இருந்தது. அன்றைக்கு ரேணுகாம்பாள் சாப்பிடவில்லை.

அம்மா வெள்ளையம்மாள் கிராமத்திலிருந்து மாப்பிள்ளைச் செய்தியோடு வந்துகொண்டே இருந்தாள். "இன்னாடி வயசாவல உனக்கு? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரினு எத்தினி நாளிக்கு?" என்பாள்.

"போய்ட்டு வந்து பண்ணிக்கிறேன்மா."

"எங்க போவப் போற நீ?"

அதற்கு ரேணுகாம்பாளிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஒரு நாட்டின் பெயர் இல்லை என்பது அவளுக்கே அப்போது தெரியாது.

1979-இல் மஞ்சள் காமாலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஜட்காவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். பெயர் உர்சுலா. வயது முப்பதுக்கு மேல் இருக்கும். கண்ணெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். பத்து நாள் படுத்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். இன்னும் மூன்று வாரம் ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர். ரேணுகாம்பாள் தானே போய்ப் போடுவதாகச் சொன்னாள். அவளுக்குத் தேவை இங்கிலீஷ் பேசிக் கேட்க ஒரு வெள்ளைக்காரி.

இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் நேராக அங்கே போவாள். ஊசி போட்டுவிட்டு, மோரில் கரைத்த கீழாநெல்லியையும் கொடுத்துவிட்டு, கேட்பதற்காக உட்கார்ந்துகொள்வாள். உர்சுலா தயக்கமே இல்லாமல் பேசினாள். "ஐ ஆம் சின்ஸ் த்ரீ மன்த்ஸ் இன் திருவண்ணாமலை" என்பாள். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தால், "ஐ பிகம் எ டீ, ப்ளீஸ்" என்பாள். பிகம் என்றால் ஆவது என்றுதான் ரேணுகாம்பாள் இலக்கணப் புத்தகத்தில் படித்திருந்தாள். நான் டீயாக ஆகிறேன் என்று எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஊசி முடிந்தும் அவள் போவது நிற்கவில்லை. இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் பக்கத்து அறை லண்டன்காரர் உர்சுலாவின் 'பிகம்' காதில் பட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். உர்சுலாவின் முகம் சிவந்துவிட்டது. ரேணுகாம்பாளைப் பார்த்து மெதுவாக விளக்கினாள். தான் ஜெர்மனிக்காரி. இங்கிலீஷ் தன் பாஷை இல்லை. ஜெர்மனில் பெற்றுக்கொள்வதற்கு அதே மாதிரி ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் தனக்கு இங்கிலீஷில் எப்போதும் கடைசி மார்க்குதான்.

ரேணுகாம்பாள் நோட்டை மூடினாள். வெள்ளைத்தோல் என்றால் இங்கிலீஷ் பிறவியிலேயே வருமென்று நினைத்திருந்தாள். இரண்டு மாதம் வெயிலில் நடந்து வந்ததெல்லாம் வீணா என்று கோபம் வந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு தப்பாகப் பேசியே இந்தப் பெண் கடல் தாண்டி வந்திருக்கிறாள், அறை பிடித்திருக்கிறாள், டாக்டரிடம் சண்டை போட்டிருக்கிறாள், தன்னையும் சிரிக்க வைத்திருக்கிறாள்.

"மை இங்கிலீஷ் ஆல்சோ கடைசி மார்க்" என்றாள் ரேணுகாம்பாள். அவள் வாயிலிருந்து யோசிக்காமல் வந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். உர்சுலாவுக்குக் 'கடைசி' என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்கவேண்டியிருந்தது.

அதன்பின் கேட்பது போய்ப் பேசுவது ஆரம்பித்தது. உர்சுலா பிரிந்துபோன கணவனைப் பற்றிச் சொன்னாள். ரேணுகாம்பாள் சரோஜாவைப் பற்றிச் சொன்னாள். சொல் கிடைக்காதபோது கையால் காட்டினார்கள், வரைந்து காட்டினார்கள். அடுத்த வருஷக் கடைசியில் உர்சுலா ஊருக்குக் கிளம்பினபோது, ரேணுகாம்பாள் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதாள். அவளை வழியனுப்பிய அழுகை பாதிதான். போகிறவர்கள் எல்லோரையும் பஸ் ஸ்டாண்டில் நின்றே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற அழுகை மீதி.

1981-இல் மறுபடி மெட்ராஸ். இந்தத் தடவை சவுதி. கேள்வி கேட்டது ஒல்லியான ஓர் இங்கிலீஷ்காரம்மா, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவர். ரேணுகாம்பாள் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். தான் சின்ஸ் எய்ட் இயர்ஸ் நர்ஸ் என்றாள். போன தடவை ஜாப் பிகம் ஆகவில்லை, இந்தத் தடவை பிகம் ஆகவேண்டும் என்றாள்.

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீ எங்கே இங்கிலீஷ் கற்றுக்கொண்டாய்? ஜெர்மன்காரர்கள் பேசுவதுபோல இருக்கிறதே?"

ரேணுகாம்பாள் உர்சுலாவைப் பற்றிச் சொன்னாள். காமாலை, கீழாநெல்லி, லண்டன்காரரின் சிரிப்பு ஒன்றையும் விடவில்லை. அந்தம்மா சிரித்தார். பிறகு, சொந்த ஊரை விட்டு ஏன் போகிறாய் என்று கேட்டார். எல்லோரும் குடும்பம், தம்பி படிப்பு என்று சொல்கிற இடம் அது. "மை ஃப்ரெண்ட் இஸ் தேர்" என்றாள் ரேணுகாம்பாள். "ஷி வெய்ட்டிங்."

பெயர் பட்டியலில் வந்தது. ஆஸ்பத்திரி சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் அவள் விரலை வைத்துப் பார்த்தாள். சவுதியும் குவைத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. படவேடும் போளூரும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவளைப் போட்டது அபஹா என்ற மலையூரில். சவுதியின் தெற்குக் கோடி அது. அங்கிருந்து குவைத்துக்கு இரண்டு நாள் பாதை. பாதை இருந்தாலும் விசா கிடையாது. கூட வேலை செய்தவர்கள் எகிப்து, சூடான், பிலிப்பைன்ஸ்காரிகள். ஒவ்வொருத்தியின் இங்கிலீஷும் ஒவ்வொரு மாதிரி. ரேணுகாம்பாளின் இங்கிலீஷைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்தில் அரபியும் கொஞ்சம் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் போனுக்குச் சரோஜா கூப்பிட்டாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். ரேணுகாம்பாள் பேசினது லைனில் அவளுக்கே ஒரு நொடி தள்ளித் திரும்பிக் கேட்டது.

"ரேணு, எனக்குக் கல்யாணம்டி. சக்கரவர்த்தினு பேரு. இங்க இன்ஜினியரா இருக்காரு, வந்தவாசிக்காரரு."

"சந்தோஷம்டி."

"அவருக்குக் கனடாவுல வேல கெடச்சிருக்கு. தை மாசம் கெளம்பறோம்." பிறகு குரல் கம்மியது. "நீ இவ்ளோ தூரம் வந்து சேர்ந்த, நான் கெளம்பறேன் பாரு."

"அதனால இன்னா? சந்தோஷம்டி" என்றாள் ரேணுகாம்பாள். அந்தச் 'சந்தோஷம்டி' ஒரு நொடி கழித்து அவள் காதிலேயே வந்து விழுந்தது. போனை வைத்துவிட்டு வார்டுக்குப் போய், துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக மடித்தாள். அது அவள் வேலையே இல்லை.

வருஷங்கள் ஓடின. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டி அம்மாவைக் கூட்டிவந்து வைத்தாள். கல்யாணப் பேச்சு தானாக நின்றுபோனது. 1987 டிசம்பரில் அவள் லீவில் வந்திருந்தபோது சரோஜா வந்தாள். கணவனை வந்தவாசியில் விட்டுவிட்டு மூன்று வயது மகளோடு டாக்சியில் வந்து இறங்கினாள். சாயங்காலமே திரும்பவேண்டும். பத்து வருஷம் எதிர்பார்த்தது ஒரு பகல் பொழுதாக வந்து நின்றது. இருவரும் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள். உள்ளே வந்ததும் முதலில் குழந்தைக்குச் சோறு போட்டார்கள்.

குழந்தைக்குத் தமிழ் வராது. சோற்றைத் தள்ளிவிட்டு அழுதது. உடம்பும் சுட்டது. ரேணுகாம்பாள் அதை மடியில் போட்டுக்கொண்டு நெற்றியைத் துடைத்தபடி இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தாள். உன் ஊரில் பனி எவ்வளவு உயரம்? உன் பொம்மைக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள்? குழந்தை அழுகையை நிறுத்திப் பதில் சொல்லத் தொடங்கியது. பேச்சோடு பேச்சாக மருந்தும் உள்ளே போய்விட்டது.

சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்டிடி இப்டிப் பேசற?" என்றாள். பிறகு சொன்னாள். கனடாவில் குவைத்து அனுபவத்தை யாரும் மதிப்பதில்லை. நர்சாக வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பரீட்சையோடு இங்கிலீஷ் பரீட்சையும் எழுதவேண்டும். எழுத்தில் பாஸ். பேச்சில் இரண்டு தடவை ஃபெயில்.

"வீட்லயேதான் இருக்கேன் ரேணு. யூனிஃபார்ம் போட்டு நாலு வருஷம் ஆவுது. கடைக்குப் போனாகூட அவர்தான் பேசுவாரு. நான் வாயத் தொறந்தா 'பார்டன்? பார்டன்?'னு கேக்கறாங்க. இப்ப பயம் ஜாஸ்தியாயிடுச்சி. ஒத்த வார்த்தகூட வர மாட்டேங்குது." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "உன்ன உட்டுட்டுப் போனதுக்கு இது வேணும் எனக்கு."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. அவங்க பார்டன்னு கேட்டா நீ இன்னொரு தடவ சொல்லு. கேக்கறது அவங்க வேல, சொல்றது உன் வேல. வெக்கம் எதுக்கு நடுவுல?"

சாயங்காலம்வரை பேசினார்கள். நாலு மணிக்கு டிரைவர் ஹார்ன் அடித்தார். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் மாற்றிக்கொடுக்கும்போது, "நீயும் வந்துடேன்டி அங்க" என்றாள் சரோஜா.

வந்துவிடலாம் என்றுதான் ரேணுகாம்பாளுக்கு இருந்தது. அபஹாவுக்குத் திரும்பியதும் கனடாவிலிருந்து சரோஜா அனுப்பிய விண்ணப்பப் படிவம் வந்தது. பெயர், வயது, படிப்புவரை நிரப்பினாள். காரணம் கேட்ட கட்டத்தில் கை நின்றது. அவளுக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. இன்னொரு நாட்டில், இன்னொரு பனியில், முதலிலிருந்து தொடங்கலாம். போய்ச் சேரும்போது சரோஜா அங்கே இருப்பாளா? இருப்பாள். ஆனால் திருவூடல் தெரு அறையில் இருந்த சரோஜா அங்கே இருக்கமாட்டாள். அவளைத்தானே இத்தனை வருஷமும் தேடிக்கொண்டு வந்தது? படிவத்தை அவள் அனுப்பவில்லை.

1989-இல் சவுதி வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் சரோஜாவின் கடிதம் வந்தது, நாலு பக்கம். மூன்றாவது தடவை பாஸ் பண்ணிவிட்டாள். முதல் நாள் டூட்டியில் தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தியைக் குளிப்பாட்டியது, கிழவி திட்டியது, இவள் திரும்ப வாயாடியது, கடைசியில் இருவரும் சிரித்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள்.

ரேணுகாம்பாள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். கண் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி கட்டியிருந்த வெள்ளையம்மாள் கடைசிவரை கேட்டாள்.

"நல்ல பொண்ணு. எப்ப வருதாம்?"

"எழுதலமா."

"கேட்டு எழுதேன்."

"எழுதறேன்" என்றாள் ரேணுகாம்பாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது. துணியை விலக்கி அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, கடிதத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு இரண்டு மணி டூட்டிக்குக் கிளம்பினாள்.